பிரித்துக் கட்டும் கணக்கு

இலுப்பைக்கடவைக் களஞ்சியத்துக்குள் அரிசி 25 கிலோ மூடையாக வருகிறது. வெளியே போகும்போது வீட்டுக்கு வீடு வேறு நிறையில் பொதியாகப் போகிறது. சீனி, பருப்பு, கோதுமை மா எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மன்னாரிலிருந்து பூநகரிப் பக்கம் போகும் ஏ-32 வீதியில் லொறி இறக்கிவிட்டுப் போகும் அளவு ஒன்று, ஊர் கேட்கும் அளவு வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு தராசு, ஒரு சாக்கு ஊசி, ஒரு பதிவேடு, கணக்குத் தெரிந்த ஒரு ஆள். இந்தப் பிரித்துக் கட்டும் வேலையைப் பார்த்து யாரும் வியப்பதில்லை. நான் வியக்கிறேன். செய்நிரல் எழுதிப் பிழைக்கிறவன் நான். என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த கருவி தருக்கச் செய்நிரலாக்கம். அது தனக்கு ஏற்ற வேலையைக் கண்டுகொண்டது இந்தக் களஞ்சியத்தில்தான்.

ஊருக்கு ஒரு பக்கம் வயல், மறுபக்கம் கடல். காலபோக நெல் வீட்டுக்கு வந்துவிட்ட மாதங்களில் களஞ்சியத்து அரிசியை அதிகம் பேர் தேடுவதில்லை. மாரி பிறந்து, வயலும் ஒழுங்கையும் ஒன்றாகி, வள்ளம் இறக்க முடியாமல் போகும் வாரங்களில்தான் நெருக்கடி. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை தொட்டு, தீவைக் குறுக்கே கடந்து, மறுநாள் மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கியது. அப்படிப்பட்ட நாட்களில் உலர் உணவுப் பொதி கட்ட வேண்டி வரும். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்துப் பொதியின் நிறை மாறும். கையில் இருக்கும் மூடைகள் எண்ணி வைத்தவை. அடுத்த லொறி எப்போது வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. எத்தனை மூடையை உடைப்பது, எதை உடைப்பது, உடைத்ததில் என்னென்ன கட்டுவது என்ற கேள்விகள் மூன்றும் ஒரே பொழுதில் வந்து நிற்கும்.

களஞ்சியத்துக்குப் பொறுப்பான அக்காவிடம் நான் முதலில் கேட்டது, "எப்படிக் கணக்குப் பாக்கிறீங்கள்?" என்றுதான். முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய் என்ற மாதிரி ஒரு வசனம்கூட அவர் சொல்லவில்லை. அவர் சொன்னவை இவை:

"ரெண்டு மூடையைக் கலந்து ஒரு பொதி கட்டக் கூடாது தம்பி. பூச்சி கண்டா எந்த மூடையால வந்தது எண்டு ஆர் சொல்லுறது?"

"திகதி முந்துறது இருக்கேக்க பிந்தினதை உடைக்க ஏலாது."

"உடைச்ச மூடையை அப்பிடியே விடப்படாது. எலி இருக்கு, ஈரம் இருக்கு. அண்டைக்கே முடிக்க வேணும், இல்லாட்டி மிச்சத்தை நிறுத்து எழுதித் தைக்க வேணும்."

பல வருடப் பழக்கத்தில் ஊறிய ஒருவர் தன் வேலையைப் பற்றிப் பேசினால் பேச்சு இப்படித்தான் இருக்கும். எது சரி, எது கூடாது, எது இருந்தால் எது ஆகும். வழக்கமான ஒரு செய்நிரல் மொழியை எடுத்தால், இந்த வசனங்களை நான் வாங்கி, உடைத்து, "முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை போ, அடுத்ததைப் பார், பெரிதாக இருந்தால் மாற்று" என்று படிப்படியான கட்டளைகளாக மாற்றி எழுத வேண்டும். எழுதி முடித்த பின் அவருடைய வசனம் எங்கே போனது என்று எனக்கே தெரியாது. தருக்கச் செய்நிரலாக்கத்தில் அந்த வசனம் வசனமாகவே நிற்கும். இரண்டாவது வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள்:

எடுக்கலாம்(_மூடை) :-
    மூடை(_மூடை, _பொருள், _திகதி),
    \+ முந்தியது(_பொருள், _திகதி).

முந்தியது(_பொருள், _திகதி) :-
    மூடை(_, _பொருள், _வேறு),
    _வேறு < _திகதி.

நடுவில் இருக்கும் அந்த இரண்டு புள்ளியும் கோடும் "எப்போது என்றால்" என்று வாசிக்கப்படும். காற்புள்ளி "அத்துடன்". சாய்கோடும் கூட்டல் குறியும் சேர்ந்தது "அப்படி ஒன்று இல்லை என்றால்". முழுவதையும் சேர்த்து வாசித்தால்: ஒரு மூடையை எடுக்கலாம், எப்போது என்றால், அது இன்ன பொருள் இன்ன திகதியோடு களஞ்சியத்தில் இருக்கிறது, அத்துடன் அதே பொருளில் அதைவிட முந்திய திகதி எதுவும் இல்லை. அக்கா இதை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். பிறகு தானே வாசித்தார்.

தமிழ் எழுத்திலேயே எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நான் பயன்படுத்துவது தருக்கச் செய்நிரலாக்க மொழியான புரொலொக்கின் ஒரு வடிவம், எஸ்.டபிள்யு.ஐ. புரொலொக். ஜான் வீலமேக்கர் 1987இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி இன்றும் வளர்ந்துவருவது, இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும், இணையத் தொடர்பு வேண்டாம். புரொலொக்கில் ஒரு பெயர் பெரிய எழுத்தில் தொடங்கினால் அது மாறி. சிறிய எழுத்தில் தொடங்கினால் நிலையான பெயர். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லாததால் தமிழ்ச் சொல் எல்லாம் நிலையான பெயராகவே கொள்ளப்படும். மாறி வேண்டுமென்றால் முன்னால் ஒரு அடிக்கோடு போட்டால் போதும். களஞ்சியத்தில் யாரும் ஆங்கிலம் படித்து வந்து இதை வாசிக்க வேண்டியதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். புரியவைப்பதற்காகச் சிறிய எண்களாக எடுக்கிறேன். சிறு குடும்பத்துக்கு 4 கிலோ, நடுத்தரக் குடும்பத்துக்கு 7 கிலோ, பெரிய குடும்பத்துக்கு 9 கிலோ அரிசி என்று வைத்துக்கொள்வோம். சிறு குடும்பம் ஐந்து, நடுத்தரம் நான்கு, பெரியது மூன்று. மொத்தம் பன்னிரண்டு வீடு, 75 கிலோ. கையில் 25 கிலோ மூடைகள். மூன்று மூடை போதும் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். இரண்டு மூடையைக் கலக்கக் கூடாது என்ற விதி வந்தவுடன் அது அவ்வளவு நிச்சயம் இல்லை.

கையால் கட்டும் எவரும் பெரியதை முதலில் கட்டுவார்கள். முதல் மூடையில் 9, 9, 7, மிச்சமே இல்லை. நல்ல தொடக்கம். இரண்டாவதில் 9, 7, 7. 2 கிலோ மிச்சம். மூன்றாவதில் 7, பிறகு நான்கு 4. மறுபடியும் 2 கிலோ மிச்சம். இன்னும் ஒரு சிறு குடும்பம் நிற்கிறது. அந்த ஒரு 4 கிலோவுக்காக நான்காவது மூடையை உடைக்க வேண்டும். மிச்ச 21 கிலோவையும் மாரிக்காலத்து ஈரத்துக்குத் திறந்தாயிற்று.

இதையே உறவாக எழுதினால்:

பிரிப்பு(_சி, _ந, _பெ, _மிச்சம்) :-
    _சி #>= 0, _ந #>= 0, _பெ #>= 0, _மிச்சம் #>= 0,
    4*_சி + 7*_ந + 9*_பெ + _மிச்சம் #= 25.

சிறியது, நடு, பெரியது, மிச்சம் நான்கும் சேர்ந்து 25. இதில் "செய்" என்று ஒரு சொல்லும் இல்லை. மிச்சம் பூச்சியமாக இருக்கும் பிரிப்புகள் எவை என்று கேட்டால் மூன்றே மூன்று விடை வரும்: 4 ஒன்றும் 7 மூன்றும், 4 நான்கும் 9 ஒன்றும், 7 ஒன்றும் 9 இரண்டும். மூன்றிலும் ஒவ்வொன்று எடுத்தால் சிறியது ஐந்து, நடு நான்கு, பெரியது மூன்று. சரியாகப் பன்னிரண்டு வீடு. மூன்று மூடை, ஒரு மணிகூட மிச்சமில்லை. வேறு எந்தக் கலவையாலும் இந்தத் தேவையை மூன்று மூடைக்குள் முடிக்க முடியாது என்பதையும் அதே செய்நிரல் சொல்லும். எனக்கு இந்தக் கடைசிப் பகுதிதான் பெரிது. விடையைச் சொல்வதோடு, அதற்கு வெளியே வேறு விடை இல்லை என்றும் அது சொல்கிறது.

இவ்வளவுக்கு எக்செல் போதாதா என்று என் தொழில்காரர்களே கேட்பார்கள். எக்செல் கட்டத்தில் எழுதும் சூத்திரம் ஒரு திசையில் ஓடும்: இவற்றைக் கொடு, அதைத் தருகிறேன். மேலே எழுதிய உறவு எந்தத் திசையிலும் ஓடும். எந்தெந்தப் பொதி கட்டினோம் என்று சொன்னால் மிச்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லும். மிச்சத்தைச் சொன்னால் என்ன கட்டியிருக்கலாம் என்று சொல்லும். கணக்குச் சோதிக்க வரும் அலுவலருக்கு வேண்டியது இந்த இரண்டாவது கேள்விதான். தைத்து வைத்த ஒரு மூடையில் 3 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து போன 22 கிலோ என்னவாகப் போயிருக்கலாம்? இரண்டு வழிதான் உண்டு: 4 இரண்டும் 7 இரண்டும், அல்லது 4 ஒன்றும் 9 இரண்டும். பதிவேட்டில் இந்த இரண்டில் ஒன்று இருந்தால் கணக்குச் சரி. இரண்டும் இல்லையென்றால் எங்கோ எழுதுவதில் தவறியிருக்கிறது, அல்லது தராசைப் பார்க்க வேண்டும். விநியோகத்துக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று என்று இரண்டு செய்நிரல் எழுதவில்லை. ஒரே வசனத்தை வேறு பக்கத்திலிருந்து கேட்டோம், அவ்வளவுதான். முப்பது வரியில் எழுதிய ஒரு உண்மை நான்கு பேருக்கு நான்கு விதமாகப் பயன்படுவதைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சிக்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

இந்தக் கருவி பிறந்தது ஒரு துறைமுக நகரத்தில். 1972இல் பிரான்ஸின் மார்சேய் நகரில் அலன் கொல்மரோவரும் பிலிப் ரூசெலும் புரொலொக்கை உருவாக்கினார்கள். அவர்கள் தேடியது களஞ்சியக் கணக்கை இல்லை. பிரெஞ்சு மொழியில் ஒரு கணினியோடு மனிதர் பேச வேண்டும், அது கேட்டதிலிருந்து அனுமானித்துப் பதில் சொல்ல வேண்டும் என்பதே அவர்கள் ஆசை. எடின்பரோவில் இருந்த ரொபர்ட் கொவால்ஸ்கி தருக்க வாக்கியத்தையே செய்நிரலாக ஓட்டலாம் என்பதற்கான கோட்பாட்டைக் கொண்டுவந்து சேர்த்தார். 1979இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பே ஒரு சமன்பாடு: செய்முறை என்பது தருக்கமும் கட்டுப்பாடும் சேர்ந்தது. எது உண்மை என்பது ஒன்று. அதை எந்த ஒழுங்கில் தேடுவது என்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்து வை என்றார். மனிதப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பிறந்த மொழி என்பதால்தான் களஞ்சியக்காரரின் பேச்சு இதற்குள் இவ்வளவு எளிதாக உட்காருகிறது என்று நான் நம்புகிறேன்.

எண்களோடு வேலை செய்வதில் முதல் புரொலொக் அவ்வளவு கெட்டித்தனமாக இருக்கவில்லை. கூட்டலைக்கூட ஒரு திசையில்தான் செய்தது. 1987இல் ஜாஃபரும் லாசேயும் கட்டுப்பாட்டுத் தருக்கச் செய்நிரலாக்கத்துக்கு அடித்தளம் போட்டார்கள். அதே காலத்தில் மூனிக் நகர ஆய்வுக்கூடம் ஒன்றில் சிப் என்ற மொழி இந்த வழியில் தொழிற்சாலைக் கணக்குகளைத் தீர்த்துக் காட்டியது. மேலே நான் எழுதிய பெருக்கல், கூட்டல் வரியில் ஒவ்வொரு ஒப்பீட்டுக் குறியின் முன்னாலும் ஒரு வேலிக் குறி இருக்கிறதே, அது அந்த வழியில் வந்தது. எஸ்.டபிள்யு.ஐ. புரொலொக்கில் அதை எழுதிச் சேர்த்தவர் மார்க்கஸ் திரிஸ்கா. விடை தெரியாத மாறியையும் வைத்துக்கொண்டு அதன் எல்லையை ஒடுக்கிக்கொண்டே போகும். பெரியது மூன்று என்று வைத்தால் 27 ஆகிவிடும். ஆகவே பெரியது இரண்டுக்கு மேல் இல்லை. எதையும் முயன்று பார்க்கும் முன்பே இது அதற்குத் தெரிந்துவிடும்.

அந்த ஒடுக்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு எண் சொல்கிறேன். பன்னிரண்டு பொதியை மூன்று மூடைக்குள் கண்ணை மூடிப் பகிர்ந்து பார்த்தால் 5,31,441 வழி. நான்கு மூடை என்றால் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்தைத் தாண்டும். பன்னிரண்டு வீட்டுக்கே இப்படி.

ஆகவே தருக்கத்தை எழுதிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. கொவால்ஸ்கி சொன்ன கட்டுப்பாட்டின் பக்கம்தான் கைப்பழக்கம் வேண்டிய இடம். முதலில், ஒரே தொகுதியில் வந்த பத்து மூடைக்கும் தனித்தனிப் பெயர் வைக்கவே கூடாது. பெயர் வைத்தால் ஒரே பிரிப்பை மூடைகளை இடம் மாற்றி மாற்றி 36,28,800 தடவை வரை புது விடை என்று சொல்லிக்கொண்டிருக்கும். களஞ்சியத்தில் யாரும் "இந்த மூடையில் என்ன, அந்த மூடையில் என்ன" என்று கேட்பதில்லை. "இப்படி எத்தனை மூடை, அப்படி எத்தனை மூடை" என்றுதான் பேசுகிறார்கள். பிரிப்பு வகைகளை முதலில் கண்டுபிடித்து, ஒவ்வொரு வகையிலும் எத்தனை என்று கேட்டால் பெரிய கணக்கும் சிறுத்துவிடும். நூல் எதிலும் படிப்பதற்கு முன்பே, களஞ்சியத்தில் மூடை தைக்கிற பிள்ளைகளின் பேச்சிலிருந்து எனக்குக் கிடைத்த அறிவு இது.

அடுத்தது, எல்லாமே கிராமில். கிலோவில் தசமம் போட்டு எழுதினால் கணினி அதை இரும எண்ணில் கிட்டத்தட்டத்தான் வைத்துக்கொள்ளும். நூறு பொதியைக் கூட்டிய பிறகு எந்தத் தராசுக்கும் தெரியாத ஒரு துளி எங்கோ தொலையும், சமக்குறி பொய் என்று சொல்லும். 25,000 கிராம் என்றால் முழு எண். முழு எண்ணுக்குத் தடுமாற்றம் இல்லை.

கருவாடு தனி உலகம். அரிசி மூடை நிறுத்த நிறையில் நிற்கும், ஓரளவுக்கு. உப்புப் போட்டுக் காய வைத்த கட்டாவும் நெத்தலியும் அப்படி நிற்பதில்லை. வெயில் மாதங்களில் இறுகி நிறை குறையும். மாரியில் உப்பு ஈரத்தை இழுத்து நிறை கூடும். அங்கே சமக்குறி போட்டால் செய்நிரல் ஒவ்வொரு முறையும் "இல்லை" என்றுதான் சொல்லும். அதனால் கருவாட்டுக்கு மட்டும் கீழ் எல்லை ஒன்று, மேல் எல்லை ஒன்று. எவ்வளவு குறையும், எவ்வளவு கூடும் என்பதை மாதம் மாதமாகச் சொன்னவர்கள் வாடியில் கருவாடு கட்டும் பெண்கள். நான் கேட்டு எழுதினேன். உறவு மாறவில்லை, ஒரு எண் இருந்த இடத்தில் ஒரு இடைவெளி வந்தது. கட்டுப்பாட்டுத் தருக்கம் அதற்கும் இடம் கொடுத்தது.

இந்தக் கருவியின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பெரிய மூலத்தை வெட்டிச் சிறியதாக்கும் கணக்கு மிகப் பழையது. லெனின்கிராட்டில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைகள் கேட்ட கேள்வியிலிருந்து லியோனிட் கன்டரோவிச் 1939இல் இதன் அடிப்படையை எழுதினார். காகித ஆலைகளில் பெரிய சுருளை வெட்டுவதற்குக் கில்மோரும் கொமோரியும் 1961இல் கொடுத்த வழிதான் இன்றைய பெரிய ஆலைகளுக்கும் அடிப்படை. ஆயிரக்கணக்கான மூடை, நூற்றுக்கணக்கான அளவு என்று வந்தால் நானும் அந்த வழிக்குத்தான் போவேன். மாவட்டத்து மொத்தக் களஞ்சியத்துக்குப் புரொலொக்கால் மட்டும் கணக்குப் பார் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். ஊர்க் களஞ்சியத்துக்கு வேண்டியது அந்த வேகம் இல்லை. ஏன் இந்த மூடையை உடைத்தோம் என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். எந்த விதியால் இந்த விடை வந்தது என்பதைப் பின்னோக்கிக் காட்ட வேண்டும். விதி மாறினால் ஒரு வசனத்தை மட்டும் மாற்ற முடிய வேண்டும்.

இனி எனக்கு மிகவும் முக்கியமான இடம். முதலில் எழுதிய விதியில் "அப்படி ஒன்று இல்லை என்றால்" என்று ஒரு குறி வந்ததே, அதைப் பற்றி.

புரொலொக்குக்கு "இல்லை" என்றால் என்ன? தன்னிடம் இருக்கும் கூற்றுகளையும் விதிகளையும் வைத்து நிறுவிப் பார்க்கும். நிறுவ முடியாமல் போனால் "இல்லை" என்று எடுத்துக்கொள்ளும். கீத் கிளார்க் 1978இல் வெளிவந்த ஒரு தொகுப்பு நூலில் இதற்கு ஒழுங்கான விளக்கம் கொடுத்தார். அதே நூலில் ரேமண்ட் ரெய்ட்டர் இதன் பின்னால் இருக்கும் எண்ணத்தை மூடிய உலகம் என்று எடுத்து வைத்தார்: எழுதியிருப்பது மட்டுமே உலகம். களஞ்சியப் பதிவேடும் அப்படித்தான் இருக்கிறது. பதிவேட்டில் பருப்பு இல்லையென்றால் பருப்பு இல்லை. மூடைகளைப் பொறுத்தவரை இது நியாயம். நாமே எண்ணி, நாமே எழுதி, நாமே பூட்டி வைத்த உலகம் அது.

மனிதர்களின் பட்டியலுக்கு இதே பொருளைக் கொடுக்கும்போதுதான் என் கை நின்றுவிடும். இந்தக் கரையில் பட்டியல் என்பது சும்மா விடயம் இல்லை. 2008இல் போர் இந்த வீதி வழியே வடக்கே நகர்ந்தபோது ஊர் கிளம்பியது. அதற்குப் பின் எத்தனை இடத்தில் எத்தனை பேர் எத்தனை பட்டியலில் பெயர் எழுதினார்கள் என்பதை மீண்டு வந்து குடியேறிய எந்த வீட்டிலும் கேட்கலாம். அட்டை தொலைந்தவர்கள், பிறப்புப் பத்திரம் வெள்ளத்தோடு போனவர்கள், கலியாணம் கட்டித் தனியாகப் போனபின்னும் தாயின் அட்டையிலேயே இருப்பவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். பட்டியலில் இல்லை, ஆகவே தகுதி இல்லை என்று ஒரு வரி எழுதுவது எனக்கு ஒரு நிமிட வேலை. அதன் விளைவு களஞ்சிய வாசலில் நிற்கும் ஒருவர் வெறுங்கையோடு திரும்பிப் போவது.

நிறுவ முடியாததை இல்லாததாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நாட்டில் பெரிய சாட்சி உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவரிடமும் தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்றது. தோட்டத்து லயங்களில் பிறந்தவர்களின் பாட்டனுக்குப் பத்திரம் எங்கிருந்து வரும்? காட்ட முடியாதவர்கள் இலட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் தருக்கச் செய்நிரலாக்கத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1986இல் மரெக் செர்கொட், ஃபரிபா சத்ரி, கொவால்ஸ்கி ஆகியோர் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் தங்கள் கூட்டாளிகளுடன் சேர்ந்து, 1981ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டத்தைப் புரொலொக் விதிகளாக எழுதிக் காட்டினார்கள். அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு: கைவிடப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்ட பச்சைக் குழந்தை, மாறாகக் காட்டப்படாதவரை, அந்த நாட்டில் உரிய பெற்றோருக்குப் பிறந்ததாகவே கொள்ளப்படும். இங்கேயும் "காட்டப்படாவிட்டால்" என்பதுதான் திறவுகோல். ஆனால் குழந்தை எதையும் நிறுவ வேண்டியதில்லை. மறுக்கிறவர்தான் நிறுவ வேண்டும். ஒரே குறி, ஒரே செயல். எந்தக் கூற்றின் முன்னால் அதை வைக்கிறோம் என்பதில் ஒருவர் உள்ளே வருகிறார், இன்னொருவர் வெளியே போகிறார்.

களஞ்சியத்தில் அந்த விதியை எழுதும்போது அக்காவும் நானும் நெடுநேரம் பேசினோம். "பேர் இல்லாததுக்கு நாங்கள் பொறுப்பில்லை எண்டு சொல்லலாம் தம்பி. ஆனா பசி பேர் பாத்து வாறேல்லை" என்றார். எழுதியது இப்படி:

கொடுக்கலாம்(_வீடு, _சுற்று) :-
    வாசலுக்கு_வந்தது(_வீடு, _சுற்று),
    \+ ஏற்கெனவே_பெற்றது(_வீடு, _சுற்று).

தகுதிப் பட்டியலின் முன்னால் "இல்லை" என்ற குறி வரவேயில்லை. இந்தச் சுற்றில் ஏற்கெனவே வாங்கியதற்குப் பதிவு இருந்தால் மட்டும்தான் மறுப்பு. வாங்கியதை எழுதுவது நம் கையில் இருக்கும் உலகம். அதை மூடிய உலகமாக எடுக்கலாம். ஒருவர் ஊரில் இருக்கிறாரா என்பது நம் பதிவேட்டுக்குள் அடங்கும் உலகம் இல்லை. பட்டியலில் பெயர் காணாத வீட்டுக்கு இன்னொரு விதி உண்டு: பொதியைக் கொடு, கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்த வேண்டிய பெயர்களில் சேர். அது "ஆம்" என்றும் "இல்லை" என்றும் சொல்லாமல் "இன்னும் தெரியாது" என்று சொல்லும் தனிக் கூற்று. புரொலொக் அதைத் தானாகத் தராது. எழுதுகிறவர்தான் எழுத வேண்டும்.

அப்படி எழுதியவுடன் கணக்கும் மாறியது. வருவது எத்தனை வீடு என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் பெயர் எழுதாத பொதிகள் சில கட்டி வைக்க வேண்டும். எந்த அளவில் கட்டுவது? 9 கிலோவாகக் கட்டி வைத்தால் தனியாக இருக்கும் ஒரு கிழவிக்குக் கொடுக்கும்போது பிரிக்க வேண்டி வரும். பிரித்த மிச்சம் யாருக்கும் ஆகாது. 4 கிலோவாகக் கட்டினால் பெரிய குடும்பத்துக்கு இரண்டாகக் கொடுத்துவிடலாம், ஒரு கிலோதான் குறையும். பிரிப்பு உறவுக்கு இன்னொரு கட்டுப்பாடு சேர்ந்தது: கைவசம் வைக்கும் பொதி எல்லாம் சிறியதாகவே இருக்க வேண்டும். பெரியது ஒன்று கட்டிய மூடையில் எஞ்சும் 16 கிலோ நான்கு சிறிய பொதியாகச் சரியாக முடிகிறது என்பதால், செய்நிரல் இப்போது அந்தப் பிரிப்பையே அதிகம் தேர்கிறது. அக்கா அதைப் பார்த்துவிட்டு அந்த மூடையை முதலில் உடைக்கச் சொன்னார். அந்த ஒரு கிலோக் குறையை அடுத்த சுற்றில் அந்த வீட்டுக்கு எப்படி ஈடுசெய்வது என்பதை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம். அதற்கு வீட்டுக்கு வீடு நிலுவை என்று ஒரு கூற்று வேண்டும், அது சுற்றுகளைக் கடந்து நிற்க வேண்டும்.